பிள்ளையை எடை போட்ட நாட்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அப்போது எனக்கு அரிசி மொத்தக் கடை. கடைக்கு மேலேயே வீடு. முதல் பிரசவத்துக்கு மனைவி நாகர்கோவிலில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மாமியார் கால் முறிந்து படுத்துவிட்டதால் இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பெரியவர்கள் துணைக்கு யாரும் இல்லை. நான், அவள், இரண்டே முக்கால் கிலோவில் ஒரு புது மனிதன், அவ்வளவுதான்.

இரண்டே முக்கால் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. அரிசிக்கடைக்காரன் அடுத்தவன் எடையை நம்புவானா? வந்த அன்றே பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கீழே கொண்டுபோய் எங்கள் தராசுத் தட்டில் வைத்தேன். துண்டின் எடையைக் கழித்துப் பார்த்தால் நூறு கிராம் குறைவு! மறுநாள் காலை கடை திறக்கும் முன் திரும்ப வைத்தேன். இன்னும் ஐம்பது குறைவு. மூட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி எனக்குப் பட்டது.

"இஞ்ச பாருங்க, பச்சப்புள்ளைய தராசுல வைக்காதீங்க, கண்ணு பட்டுரும்" என்றாள் மனைவி. பிள்ளை நன்றாகத்தான் குடிக்கிறான், தூங்குகிறான் என்றும் ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. எடைக்கல் பொய் சொல்லுமா? ஐந்தாம் நாளும் எடை இறங்கியதும், "ஒனக்குப் பால் பத்தல. புள்ள பட்டினி கெடக்கான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே பால் பவுடர் டின்னும் பாட்டிலும் வாங்கி வந்து நானே கரைத்துக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் எடை ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தராசுத் தட்டைக் காட்டிப் பக்கத்துக் கடைக்காரரிடம்கூடப் பெருமையடித்தேன்.

எட்டாம் நாள் மனைவிக்கு நல்ல காய்ச்சல். மார்பு இரண்டும் கல்லாக இறுகிவிட்டது, துணி பட்டாலே துடிக்கிறாள். பிள்ளையை நெஞ்சில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீல் என்று கத்துகிறான். பாட்டிலைக் காட்டினால்தான் வாயை மூடுகிறான். "என் புள்ளைக்கு என்னையப் பிடிக்கல்ல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

மருந்துக்கடைக்கு ஓடி, பால் ஊற ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு சிஸ்டர் இருக்கிறார், பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று வழி சொன்னார். இதற்கென்று வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

போய்க் கூப்பிட்டதும் சிஸ்டர் குடையும் தோள்பையுமாக உடனே வந்துவிட்டார். நான் அறையை விட்டு நழுவப் பார்த்தேன். "அண்ணாச்சி எங்க போறீங்க? இவிட நிக்கணும். நாளைக்கு இதெல்லாம் நீங்களாக்கும் செய்யணும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிப் பிடித்துக்கொண்டார்.

சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார். கையால் மெல்லப் பாலை எடுத்து, மார்பு இளகிய பிறகு, அந்தப் பாலையே சங்கில் பிள்ளைக்குப் புகட்டச் சொன்னார். மனைவியைச் சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, மடியில் தலையணை வைத்து, பிள்ளை வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருக்கப் பழக்கினார். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாதாம். சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். நல்லவேளை, இறங்கிவிட்டது.

நான் தராசுக் கதையைச் சொன்னேன். சிஸ்டர் மனைவியிடம் திரும்பி, பாட்டில் கொடுக்கும் முன் ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைந்தது என்று கேட்டார். "அஞ்சாம் நாளு ஏழு, சிஸ்டரே. மஞ்சளா வெளிக்கும் போனான்" என்று சட்டென்று சொன்னாள்.

"பின்னே என்னத்துக்கு டின்? குஞ்ஞுக்குப் பால் நல்லா கிட்டிட்டு இருந்திருக்கு" என்றார் சிஸ்டர். பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் எடை கொஞ்சம் குறைவது வழக்கம்தானாம், பத்துப் பதினைந்து நாளில் திரும்பிவிடுமாம். பாட்டில் வந்ததும் பிள்ளை குடிக்காத பால் கட்டிக்கொண்டதால்தான் இந்தக் காய்ச்சலாம். "அண்ணாச்சி இவளிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாட்டிலை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் காலையும் மாலையும் வந்தார். ஒத்தடமும் சங்கும் என் வேலை ஆயின. கடையை வேலையாள் பார்த்துக்கொண்டார். முதல் இரண்டு நாளும் பிள்ளை அடம்பிடித்தான், அவளும் கூடச் சேர்ந்து அழுதாள். மூன்றாம் நாள் மாலை திடீரென்று அழுகை நின்றது. எட்டிப் பார்த்தேன். கன்னம் அசைய, மடக்மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தான். அவள் சிஸ்டரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அங்கே நின்றது அவளுக்குத் தெரிந்ததாகவே படவில்லை. பெற்றவளாய் அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் கேட்க, முன்பின் தெரியாத ஒரு அம்மா வரவேண்டியிருந்தது என்பது மனசை அறுத்தது.

பையன் இப்போது கல்யாண வயதில் இருக்கிறான். அந்த எட்டு நாளைப் பற்றி மனைவி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் நானும் எப்போதோ மறந்திருப்பேன்.