சத்தம் போன லாரி

வாஷிங்மிஷின் பழுதுபார்க்கும் அவருக்குத் தெருவில் வைத்த பெயர் திருப்புளி. பழுதானதைக் கொடுத்தால் சரிசெய்துவிடுவார். பழுதாகாததையும் சும்மா விடமாட்டார் என்பதால் வந்த பெயர். மாமனார் வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அவர் கழற்றிப் பூட்டியதிலிருந்து, அதற்கு ஒரே வேகம்தான்.

அவருடைய அக்காள் கணவர் பள்ளி வேன் ஓட்டியவர். குழந்தைகளை ஏற்றி இறக்கியே தலை நரைத்த மனிதர், ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடுப்பு வலி என்று சொல்லி ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். வருமானம் குறைந்தது. அக்காள் துணி தைத்துக் குடும்பத்தை இழுத்துப் பிடித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடுப்பு வலிக்காரர் தன் ரிமோட் லாரியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். இது திருப்புளிக்குப் பொறுக்கவில்லை. ஒரு விருந்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அத்தானுக்கு வலி இடுப்புல இல்ல, வேலையிலதான்" என்று சொல்லிவிட்டார். பந்தியே சிரித்தது. அத்தானும் சிரித்துவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் திருப்புளியின் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அந்த வார்த்தை திருப்புளியின் தொண்டையில் மீன்முள்ளாய்க் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராது. கைதான் அவருக்கு வாய். அத்தானுக்கு ஏதாவது செய்துகொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தார்.

வாய்ப்பும் வந்தது. அத்தான் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், அக்காள் லாரியைக் காட்டிப் புலம்பினாள். முழங்கை நீள லாரிதான். ஆனால் உள்ளே இருப்பது நைட்ரோ எரிபொருளில் ஓடும் நிஜ என்ஜின். கிளப்பினால் காது கிழியும், புகை கண்ணை எரிக்கும். தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியில் எண்ணெய் ஒழுகியிருந்தது. "இத என்னன்னு பாரேன்" என்றாள். அவள் சொன்னது ஒழுகலை.

திருப்புளி லாரியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் என்ஜினையே எடுத்துவிட்டார். டேங்க், புகைக்குழாய், கிளட்ச் எல்லாம் வெளியே வந்தன. அடிச்சட்டத்தோடு சேர்த்தே வார்த்திருந்த, என்ஜின் உட்காரும் கட்டைகளை அறுத்தெறிந்து, அலுமினியத் தகட்டில் துளையிட்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரைப் பொருத்தினார். பற்சக்கரங்களுக்கு நடுவே மெல்லிய காகிதத்தைக் கொடுத்து இடைவெளி பார்த்தார். டேங்க் இருந்த பக்கத்தில் பேட்டரியை வைத்து எடையைச் சமன் செய்தார். கழற்றிய என்ஜினைப் பொம்மை உதிரிபாகக் கடைக்காரரிடம் கொடுத்து, மோட்டாரின் விலையில் கழித்துக்கொண்டார். ஓட்டிப் பார்த்தபோது லாரி பூனை மாதிரிப் போனது. தொண்டையிலிருந்த முள் பாதி இறங்கியதுபோல் இருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய அத்தானை மைதானத்துக்குக் கூட்டிப்போய் லாரியைக் கீழே வைத்தார். அத்தான் மூடியைத் தூக்கி, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். என்ஜின் எங்கே என்று கேட்டார். இனிமேல் புகையும் இல்லை, சத்தமும் இல்லை என்று திருப்புளி பெருமையாகச் சொன்னார். அத்தான் வேறொன்றும் கேட்காமல் ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

லாரி மெல்லிய முனகலோடு புறப்பட்டது. கொஞ்ச தூரம் நேராகப் போனது. ஓரத்தில் பையன்கள் பந்து விளையாடும் கூச்சல். அதற்கு மேல் லாரியின் சத்தம் கேட்கவில்லை. அத்தான் தலையை இடமும் வலமுமாகத் திருப்பினார். அவர் லாரியைத் தேடுகிறார் என்று திருப்புளிக்குப் புரியவில்லை. வேடிக்கை பார்க்கிறார் என்றே நினைத்தார். அதற்குள் லாரி வளைந்து, காபி ஃபிளாஸ்க்கோடு வந்துகொண்டிருந்த அக்காளின் கணுக்காலில் மோதியது. அவள் கையை ஊன்றி விழுந்தாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று திருப்புளி கத்திவிட்டார்.

அத்தான் மெதுவாகச் சொன்னார்: "முன்னாலதான் இருக்கு மாப்ள. பக்கவாட்டுலதான் ஒண்ணும் இல்ல."

அக்காள் எழுந்திருக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஃபிளாஸ்க் உருண்டு காபி மண்ணில் ஊறியது. அத்தான் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். ஒருநாள் வேனைத் திருப்பும்போது பக்கத்தில் நின்ற குழந்தை தெரியவில்லையாம். ஆயா இழுத்துவிட்டாள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். பார்வை சுற்றிலும் சுருங்கிக்கொண்டு வந்து, குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. வீட்டில் சொன்னால் எல்லாரும் கையைப் பிடித்து நடத்துவார்கள் என்று சொல்லவில்லை. லாரியை மட்டும் காதால் ஓட்டினார். எங்கே போகிறது, மேடேறுகிறதா, சறுக்குகிறதா எல்லாம் என்ஜின் சொல்லிவிடும்.

அக்காளுக்கு மணிக்கட்டு வீங்கித் தையல் நின்றது. கண் மருத்துவர், போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், முன்பே வந்திருக்கலாம் என்றார். வெளியே பெஞ்சில் இருந்த திருப்புளியிடம் அக்காள் வந்து இதைச் சொன்னாள்; 'முன்பே' என்றதும் அவருக்கு அந்த விருந்துதான் ஞாபகம் வந்தது. அன்று கிண்டலடிக்காமல், என்ன ஆச்சு அத்தான் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

உதிரிபாகக் கடைக்கு ஓடினார். என்ஜின் விற்றுப்போயிருந்தது. வேறு என்ஜின் வாங்கினாலும் உட்காரவைக்கக் கட்டை இல்லை. அறுத்தது அவர் கைதான். மனம் கேட்காமல், வண்டி பின்னால் போகும்போது கத்துமே, அந்த பஸ்ஸரை லாரியில் மாட்டிக் கொண்டுபோனார். அத்தான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தினார்.

"எங்க இருக்குன்னு சொல்லுது மாப்ள. என்ன பண்ணுதுன்னு சொல்ல மாட்டேங்குது."

அப்போதுதான் திருப்புளிக்கு வாய் வந்தது. விருந்தில் சொன்னது தப்பு, கேட்காமல் லாரியில் கை வைத்தது அதைவிடத் தப்பு என்றார். அத்தான் அவர் தோளில் கை வைத்து, "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றார். திட்டியிருந்தால் திருப்புளி தாங்கியிருப்பார்.

அக்காளின் கை சரியானதும், லாரி அவளிடம் போயிற்று. எண்ணெய் ஒழுகாத வண்டி அவளுக்குப் பிடித்துவிட்டது. இப்போது ஞாயிறுகளில் அவள் ஓட்டுகிறாள். அத்தான் பக்கத்தில் நின்று, பள்ளம் வருதா, பிரேக்கப் பிடி என்கிறார். அவள், உங்க வேன் இல்ல இது என்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். திருப்புளியையும் கூப்பிடுகிறார்கள். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். ஞாயிறன்று கடை கிடையாது என்பது மூவருக்கும் தெரியும்.