கால் நனைந்த படம்

எங்கள் வாய்க்கால் ஊர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்பவர், அந்தத் தண்ணீரில் தன் காலை வைத்துப் படம் போட வேண்டும். முகம் வேண்டாம், விளக்கம் வேண்டாம், கால் போதும்.

சட்டம் போட்டவள் நான். அதற்கு முந்தைய சம்பாவில் யாரோ ஒரு புண்ணியவான் தண்ணீர் ஓடும் பழைய வீடியோவைத் தட்டிவிட, அதை நம்பி ஊரே நாற்றைப் பறித்துவிட்டது. தண்ணீர் வரவில்லை. பறித்த நாற்று காத்திருக்குமா? வரப்பெல்லாம் முடிச்சு முடிச்சாகக் காய்ந்து கிடந்தது. வயிறெரிந்து போட்ட சட்டம் அது.

அதிராம்பட்டினத்துக்கு வடக்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் வயல். போர் தண்ணீர் நாற்றங்காலுக்குத்தான் காணும். நடவுக்கு ஆற்றுத் தண்ணீரே கதி. சென்ற ஆண்டு நாற்று முற்றிக்கொண்டிருந்த நேரத்தில், என் கொழுந்தன் புதிதாக இறக்கிய செயலி மணியடித்தது: 'நாளை காலை உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்.'

"அண்ணி, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லுது. ஆளுங்களக் கூப்பிடுங்க, இன்னிக்கே பறிச்சிடலாம்."

"யாரு காலுப்பா நனைஞ்சிருக்கு? படத்தைக் காட்டு, பறிக்கலாம்."

"நீங்களும் உங்க காலும்!" என்று சிரித்தான்.

மறுநாள் வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. அணை திறந்தது செயலிக்குத் தெரியும். மேலே ஒரு மதகை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது அதற்கு எப்படித் தெரியும்? பறித்தாலும் போச்சு, முற்றினாலும் போச்சு.

மேலே உள்ள ஊர்க்காரர்கள் இறங்கி அடைப்பை எடுத்தார்கள். அதன்பின் குழுவில் கால்கள் வரத் தொடங்கின. முதலில் மெட்டி போட்ட கால். அடுத்த ஊரிலிருந்து பித்தவெடிப்புக் கால். கடைசியாக, கட்டு போட்ட கட்டைவிரல். அது எங்களுக்கு நேர் மேலே உள்ள வயல்காரர் விரல். மண்வெட்டி பட்ட அன்று, கட்டுப் போட அவரை வண்டியில் அழைத்துப் போனதே நாங்கள்தான்.

"பறிங்க!" என்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கடைசி முடிச்சு கட்டும்போது தண்ணீர் எங்கள் மடையில் நுரைத்துக்கொண்டு நுழைந்தது. ஓடிப்போய்க் காலை வைத்தேன். சில்லென்றது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு கால் வந்து நின்றது.

"அண்ணி, என் காலையும் சேத்து எடுங்க."

எங்களுக்குக் கீழே வயல் இல்லை, பட்டினத்தைத் தாண்டினால் கடல்தான். இந்தப் படத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் போட்டேன். கடைமடை நனைந்துவிட்டது என்று மேலே இருக்கிறவர்களும் பார்க்கட்டும்.