பெனாசிரும் ராஜ்குமாரின் லுங்கியும்

ராஜ்குமாரின் லுங்கியை அவிழ்க்க யாரும் முன்வரவில்லை. விக்கிரவாண்டி பக்கத்துச் சமுதாயக் கூடம் ஒன்றில் இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கிராமங்களில் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற சுகாதாரப் பணியாளர்கள். ஒருவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறார். இன்னொருவருக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகத் தெரிகிறது. பயிற்சியாளர் பெனாசிர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"இன்னாக்கா, பொம்மைகிட்டயே இவ்ளோ வெக்கமா? அப்ப நெஜ ஆம்பளைக்கு ஜுரம் வந்தா இன்னா பண்ணுவீங்க? தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்துருவீங்களா?"

ராஜ்குமார், திண்டிவனத்துத் துணிக்கடை ஒன்றில் வேட்டி சட்டை போட்டு நின்ற பொம்மை. இடது கை கழன்றதும் கடைக்காரர் தூக்கியெறிய இருந்தார். பெனாசிர் கேட்டு வாங்கிவந்து, பெயரும் வைத்து, லுங்கியும் கட்டிவிட்டார். வகுப்புக்கு முன்னால் கருக வறுத்த மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், தோலைப் பொட்டளவு கிள்ளி அவன் உடம்பில் எங்காவது ஒட்டிவைப்பார். அக்குள், காதுக்குப் பின்புறம், தொடையிடுக்கு. தேடிக் கண்டுபிடிப்பது வந்தவர்கள் பாடு.

உண்ணிக் காய்ச்சலுக்கான பயிற்சி அது. புதரிலும் வரப்பிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். எல்லாருக்கும் வராது. வந்தாலும் வலிக்காது, அரிக்காது என்பதால் கடிபட்டவருக்கே தெரியாது. நேரத்தில் பார்த்துவிட்டால் சாதாரண மாத்திரையிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். "லேப் இல்ல, மெஷின் இல்லன்னு எங்கிட்ட ஒப்பாரி வெக்காதீங்க. செல்போன்ல டார்ச் இருக்குதா? மூஞ்சில ரெண்டு கண்ணு இருக்குதா? மாத்திரை டாக்டர் தருவாரு. நீங்க ஜல்தியா கண்டுபுடிச்சி அனுப்புங்க. அவ்ளோதான் வேலை."

பெனாசிருக்கு முப்பத்தெட்டு வயது. கோட்டக்குப்பத்துக்காரர். நர்ஸிங் படித்தவர். கணவர் கலீல் ரஹ்மான் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவர் மதியம் வீடியோ காலில் வந்து "சாப்ட்டியா?" என்று உருகும்போது, இந்த அம்மாள் வகுப்பில் ஒரு கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, எச்சிலுக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கு வேண்டிய சளிக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருப்பார். "எங்க வூட்டுக்காரரு இப்பல்லாம் சாப்ட்டுட்டுதான் போன் பண்றாரு," என்றார், பயிற்சியைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம்.

ராஜ்குமாரை ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காரவைத்து, பழைய துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போவார். டோல்கேட் அருகே ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, பின்னால் இருப்பவருக்கு ஹெல்மெட் எங்கே என்று கேட்டிருக்கிறார். உற்றுப் பார்த்துவிட்டு அவரே வெட்கப்பட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து ராஜ்குமாருக்கும் ஒரு ஹெல்மெட்.

அந்த மூன்று நாள் வகுப்பில் கடைசி வரிசையில் விசாலாட்சி என்றொருவர் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. கெடாருக்குப் பக்கத்து ஊர். இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. ராஜ்குமார் பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோதும் கண்ணை மூடிக்கொண்டார். "இந்தக்காவை வெச்சிக்கினு பெரிய பேஜாரு," என்று பெனாசிர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. ஓடிவிட்டார் என்றே நினைத்தோம்.

பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன். பெனாசிர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பெனாசிரு, எங்கூரு பழைய பிரசிடெண்டு தேவநாதன் இருக்காரில்ல, ஏழு நாளா ஜுரம். எங்கியோ ரெண்டு ஊசி போட்டுக்கினு வந்து படுத்துக்கினாரு. இப்ப மூச்சு வாங்குது. பேச்சு ஒளறுது."

"மொதல்ல 108க்கு போன் போடுக்கா!"

"போட்டுட்டேன், வந்துக்கினு இருக்குது. ஏற மாட்டன்றாரு. சாதா ஜுரத்துக்கு எதுக்குடி ஆஸ்பத்திரின்னு கத்துறாரு. துணிய வெலக்கிப் பாக்கவும் வுட மாட்டன்றாரு."

பின்னணியில் ஓர் ஆண்குரல் திணறித் திணறிக் கேட்டது: "எங்கொல்லையில களை எடுத்தவ... எங்கிட்டயே லுங்கிய அவுருன்றா..."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பெனாசிர் போனை வாயருகே கொண்டுபோனார். "அவரு பொண்டாட்டி இருக்காங்களா? துணிய அவங்க வெலக்கட்டும். நீ டார்ச்ச மட்டும் புடி. மேலருந்து கீழ வா. ஒரு எடத்தையும் வுடாத."

இரண்டு நிமிடம் இருக்கும். கட்டில் கிரீச்சிட்டது. ஒரு பெண் அழுதார். வசவுகள் கேட்டன, தேவநாதன் நன்றாகவே வைதார். அப்புறம் விசாலாட்சியின் குரல், மிக மெதுவாக: "அரணாக் கயித்துக்குக் கீழ... கீதும்மா. கறுப்பா, சுட்டாப்புல. நெஜமாவே கீது."

இருபத்தோரு பெண்களும் போட்ட சத்தத்தில் கூடத்தின் புறாக்கள் பறந்தன. பெனாசிர் மட்டும் சாவியைத் தேடினார். "கண்டுபுடிச்சா ஆச்சா? அந்தாளு வண்டி ஏறணுமே. அக்கா, ராஜ்குமார் எடத்துல நீங்க குந்துங்க," என்று அவன் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

ஸ்கூட்டர் பறந்தது. லாரிக்காரர்களை அவர் அழைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. கெடார் சாலையில் திரும்பிய பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்.

"அஞ்சு வருசம் முன்ன, மரக்காணம் பக்கம் ஒரு குப்பத்துல நான் நர்ஸா இருந்தேன். பதினோரு வயசுப் பொண்ணு. ஜுரம். கையி, காலு, முதுகு எல்லாம் பாத்தேன். ஜடையப் பிரிச்சிப் பாக்கல. அவங்கம்மா கனகாம்பரம் வெச்சி அழகாப் பின்னிவிட்டிருந்தாங்க, கலைக்க மனசு வரல. சாதா ஜுரம்னு சொல்லிட்டு வந்துட்டேன். மூணாம் நாளு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனப்ப காதுக்குப் பின்னால இருந்துச்சாம். அன்னிக்கு சாயந்திரமே போயிடுச்சு." ஒரு மாட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். "நான்தான் வுட்டேன். வேற யாரும் இல்ல."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஆம்புலன்ஸ் கதவு திறந்தபடி நின்றது. வாசலில் பெரும் கூட்டம். உள்ளே கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேவநாதன் தகராறு செய்துகொண்டிருந்தார். எதிரே விசாலாட்சி. இரண்டு நாளும் கடைசி வரிசையில் இருந்த அதே பெண்தானா என்று சந்தேகம் வந்தது.

"பதினஞ்சு வருசம் உங்க கொல்லையில களை எடுத்தேனே, ஒருநாளாச்சும் களைன்னு நெனச்சிப் பயிரப் புடுங்கியிருக்கேனா? என் கண்ண நம்பித்தானே வுட்டீங்க? அதே கண்ணுதான் இப்பவும் பாத்துது. எழுந்திருங்க."

இந்த வசனம் பெனாசிரின் பாடத்தில் கிடையாது. தேவநாதன் முதலில் ஒரு கையை எடுத்தார். பிறகு கட்டிலை விட்டார்.

ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பத்தாம் நாள் அவர் நடந்து வீடு வந்தார். வந்ததும், தன் அரணாக்கயிற்றைப் பற்றி ஊரே பேசுகிறது என்று விசாலாட்சியிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் எனக்குப் புரியாமல் போனது பெனாசிர்தான். அவ்வளவு வேகமாக ஓட்டிவந்தவர், விசாலாட்சியின் குரல் காதில் விழுந்ததும் படியேறாமல் நின்றுவிட்டார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் செருகிக்கொண்டு, வேடிக்கை பார்க்கும் பெண்களுக்குப் பின்னால் போய் ஒதுங்கினார்.

"உள்ள போகலியா?" என்றேன்.

"உள்ளதான் ஆளு இருக்குதே."

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. ஆம்புலன்ஸ் ஊழியருக்குப் பெனாசிரைத் தெரியும். கூட்டத்தில் அவரைக் கண்டுபிடித்து, பேனாவைத் திறந்துகொண்டு வந்தார். "மேடம், நீங்கதானே பாத்தது? விவரம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பெனாசிர் அந்த ஊழியரின் இரண்டு தோள்களையும் பிடித்து, நிலைப்படியில் நின்ற விசாலாட்சியின் பக்கம் அவரைத் திருப்பிவிட்டார்.