நான் அழித்த மூன்று சிலுவைகள்

என் மனைவி நாட்காட்டியில் போட்டு வைத்திருந்த மூன்று சிலுவைக் குறிகளை நான் அழித்தேன். அழித்துவிட்டு, அவள் கேட்டபோது பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பிள்ளை கருவாகி, பிறந்து, ஒரு நாள்கூட முழுதாய் வாழாமல் போய்விட்டான். குற்றம் தன்னுடையது என்று அவள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவுதான் விஷயம். இதை எழுத எனக்குப் பதினான்கு வருடம் பிடித்தது. எத்தனை தரம் கொப்பியை எடுத்திருப்பேன்... எத்தனை தரம் முதல் வரியோடு கிழித்திருப்பேன்! நான் அதிகம் படித்தவனல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனால் எழுத வராததால்தான் எழுதவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நான் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். முப்பது வருடமாகக் கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். வேலைக்குச் சேர்ந்த வாரமே முதலாளியிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். கர்ப்பத்தடை மாத்திரைகளும் மற்றச் சாமான்களும் இருக்கும் தட்டுப் பக்கம் நான் போகமாட்டேன், யாராவது கேட்டால் வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும் என்றேன். அவர் நல்ல மனுசர், சரி என்றார். பிறகு நவாஸ் வந்ததும் அந்த வேலை அவனுக்கு.

நவாஸ் என்னோடு நிற்கும் முஸ்லிம் பையன். பையன் என்கிறேன், அவனுக்கும் இப்போது நாற்பது. அந்தத் தட்டைத் துடைக்கும்போதெல்லாம் என்னைச் சீண்டுவான். “அண்ணே, தள்ளி நில்லுங்க. கை பட்டுட்டா ஞாயித்துக்கெழம உங்க கோயில் சுவாமி மோந்து பாத்துருவாரு.”

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே என் கைகளைப் பார்ப்பேன். சுத்தமான கைகள்! அந்தப் பெருமையை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அனுபவித்தேன்.

எங்கள் பங்குக் கோயிலில், கல்யாணம் கட்டப்போகிறவர்களுக்கு ஞாயிறு பின்னேரம் ஒரு வகுப்பு நடக்கும். பங்குச் சுவாமி கல்யாணம் என்ற திருவருட்சாதனம் பற்றிப் பேசுவார், ஒரு கன்னியாஸ்திரி மாத்திரையில்லாமல் நாள் பார்த்து விலகியிருக்கும் இயற்கை முறையைப் பெண்களுக்கு விளக்குவார், வேதத்தில் இதற்கு எங்கே ஆதாரம் என்பதை நான் எடுத்துச் சொல்வேன். ஒருநாள் டவுனில் வேலை செய்கிற ஒரு வாலிபன் எழும்பிக் கேட்டான், “அண்ணே, பைபிள்ல மாத்திரைன்னு ஒரு சொல்லு இருக்கா?”

இல்லை என்றேன். சொல்லைத் தேடாதே தம்பி, கடவுள் சேர்த்து வைத்ததைத் தேடு என்றேன். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் ஆணையும் பெண்ணையும் படைத்த கையோடு கடவுள் அவர்களுக்கு ஆசீர் கொடுக்கிறார். பலுகிப் பெருகுங்கள் என்பது அந்த ஆசீர். அடுத்த அதிகாரத்தில் இருவரும் ஒரே உடலாவார்கள் என்று வருகிறது. உயிர் கொடுப்பதும் ஒன்றாவதும் ஒரே செயலுக்குள் வைக்கப்பட்டவை, அவற்றைப் பிரிக்க மனிதனுக்கு உரிமையில்லை. திருச்சபை சொல்வதெல்லாம் இதைத்தான் என்றேன். பிறகு முப்பத்தெட்டாம் அதிகாரத்துக்குப் போவேன். இறந்துபோன அண்ணனின் மனைவி தாமாரோடு ஓனான் சேர்ந்தான், ஆனால் பிள்ளை உண்டாகாதபடி வித்தைத் தரையில் சிந்தவிட்டான், ஆண்டவருக்கு அது தீயதாகப்பட்டது. பத்தாம் வசனத்தோடு புத்தகத்தை மூடுவேன். எப்போதும் பத்தோடுதான்.

கடைசியாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது. கணவனும் மனைவியும் செபத்துக்காகச் சில காலம் விலகியிருக்கலாம், ஆனால் இருவரும் மனமொத்து. அதனால்தான் நாள் பார்த்து விலகியிருப்பதைத் திருச்சபை ஏற்கிறது என்பேன். மனமொத்து... எத்தனை ஜோடிகளுக்கு இந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்!

இனி செசிலியைப் பற்றி.

செசிலி என் மனைவி. வீட்டிலிருந்தே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பாள். அளவு நாடாவை ஒரு தரம்தான் பிடிப்பாள், துணியில் பிழை வந்ததில்லை. எங்களுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் வயிற்றைக் கீறி எடுத்தவை. மூன்றாவதுக்குப் பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கர்ப்பப்பை நைந்துவிட்டது, இன்னொன்று தாங்காது, கர்ப்பத்தடை ஒப்பரேஷன் செய்துவிடுவோம் என்றார். நான் மறுத்தேன். செசிலியும்தான் மறுத்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம். அவள் என் வாயைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்கு அவளுடைய விசுவாசம் இருந்தது.

அந்தக் கன்னியாஸ்திரியிடம் அவள் முறையைக் கற்றுக்கொண்டாள். உடம்பு காட்டும் அடையாளங்களைக் கவனித்து, விலகியிருக்க வேண்டிய நாட்களுக்குப் பங்குக் கோயில் நாட்காட்டியில் பென்சிலால் சின்னச் சிலுவை போடுவாள். சந்தேகம் வந்தால் ஒரு நாள் கூட்டியே போடுவாள். நாலு வருடம்... ஒரு பிழையில்லை! ஒரு பெண்ணின் பொறுமையால் திருச்சபையின் வார்த்தை எங்கள் வீட்டில் நாலு வருடம் உண்மையாய் நின்றது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்திருந்தோம். செசிலி பக்கத்து வீட்டில் சுகமில்லாத ஒருவரைப் பார்க்கப் போயிருந்தாள். பிள்ளைகள் வெளியே. நான் நாட்காட்டிக்கு முன்னால் நின்றேன். சனிக்கிழமை வரை சிலுவை. மூத்த மகள் ஜெனிட்டாவின் புத்தகப்பை கதிரையில் கிடந்தது. அதிலிருந்து அழிறப்பரை எடுத்து வியாழன், வெள்ளி, சனி மூன்றையும் அழித்தேன். தூளை வாயால் ஊதினேன்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆசை என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவளுடைய பென்சில் எனக்குச் சட்டம் போடுவது பிடிக்கவில்லை. ஊருக்கே வேதம் சொல்லிக் கொடுக்கிற நான், என் வீட்டுச் சுவரைப் பார்த்து அனுமதி கேட்பதா? அதைவிட மோசம்... அழிக்கும்போது என் மனதில் ஒரு திருப்பாடல் ஓடியது. பிள்ளைகள் ஆண்டவர் தரும் செல்வம் என்பது. மாத்திரையைத் தொடாத கைதானே, இதில் என்ன பாவம் என்று நினைத்தேன். வேதத்தை வைத்துக்கொண்டே அழித்தேன்!

வியாழக்கிழமை அவள் நாட்காட்டியைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

“சனி வரைக்கும் போட்ட மாதிரி ஞாபகங்க.”

“இல்ல செசிலி, புதனோட முடிஞ்சிருச்சு. நீயே பாரு.”

பார்த்தாள். காகிதத்தை நம்பினாள், என்னை நம்பினாள். தன்னை நம்பவில்லை.

மாதம் தப்பியபோது அவள் அழுத அழுகையை நான் எழுதமாட்டேன். “நான்தான் பெழையா எண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க” என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் அவள் தலையில் கைவைத்து, கடவுள் சித்தம் என்றேன்.

ஆஸ்பத்திரியில், சொன்னதைக் கேட்காமல் ஏன் இப்படிச் செய்தாய் என்று டாக்டர் சிங்களத்தில் அவளைத்தான் ஏசினார். அவள் தலையைக் குனிந்து, எண்ணியதில் என் பிழை ஐயா என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு பையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல்.

ஏழாம் மாதம் கர்ப்பப்பை வெடித்துவிட்டது. அவளைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை காலையில் பிறந்தான், பின்னேரம் போய்விட்டான். சுவாமி வரும்வரை இருக்கமாட்டான் என்று தெரிந்ததும், ஒரு நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நானே ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். தோபியாஸ் என்று பெயர் வைத்தேன். அது செசிலி முன்பே சொல்லி வைத்த பெயர். தோபியாஸும் சாராவும் முதலில் செபம் செய்துவிட்டுச் சேர்ந்தார்கள், வெறும் இச்சைக்காக அல்ல என்று நான் வகுப்பில் சொல்கிற வேதக் கதையிலிருந்து எடுத்தாள். அவன் நெற்றி என் பெருவிரல் அகலம்தான் இருந்தது. அழிறப்பரைப் பிடித்த அதே விரல்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், போகாமலில்லை. கோபப்பட்டேன், காலைச் செபத்தை விட்டேன், மனைவிக்கு ஒரு பொய் சொன்னேன் என்று வரிசையில் நடுவில் சொருகினேன். சுவாமி எதுவும் கேட்கவில்லை. மனைவிக்காகச் செபியுங்கள் என்றார். வெளியே வந்தபோது லேசாக இருந்தது. அந்த லேசு வீட்டு வாசல்வரைகூட வரவில்லை. அவள் ஒவ்வொரு தவக்காலமும் போய்த் தன் ‘கவனக்குறைவை’ப் பாவமாகச் சொல்லிவிட்டு வருகிறாள். நான் செய்ததற்கு அவள் பரிகாரச் செபம் செய்கிறாள்...

அதற்குப் பிறகு அவள் துணியை மூன்று தரம் அளக்கிறாள். அளந்துவிட்டுப் பிள்ளைகளில் யாரையாவது கூப்பிட்டு, சரியா என்று பார்க்கச் சொல்கிறாள். கன்னியாஸ்திரி வகுப்பில் பேசக் கூப்பிட்டபோதும் அவள் போகவில்லை.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். மனிதன் எதையும் தாங்கிக்கொள்வான் போலிருக்கிறது, வலி அடுத்தவர் உடம்பில் இருந்தால். போன மாதம் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஜெனிட்டாவுக்கு இப்போது இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு வந்தவள், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாயிடம் கேட்டாள். நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். நான் கடைக்குப் போய்விட்டேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

“அம்மா, அந்த சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்களே, நாள் பாக்குறது. எனக்கும் சொல்லித் தாங்க.”

மெஷின் நின்றது. “என்கிட்ட கேக்காத. எண்ணி எண்ணித்தான் நான் அவனச் சாகக் குடுத்தேன்.”

“அப்ப என்னதான் செய்ய?”

“மாத்திரைய எடு. அந்த வழியெல்லாம் எழுதிப் படிச்சவங்களுக்கு. நம்மளக் கைவிட்டுரும்.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா ஓனானக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருவாரு.”

செசிலி சிரிக்கவில்லை. “அவருக்குச் சொல்லாத. பாவம், நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவாரு.”

பாவமாம் நான்!

நீங்களே சொல்லுங்கள். திருச்சபை சொன்ன வழியில் பிழையில்லை. செசிலியின் பென்சிலில் பிழையில்லை. சனி வரைக்கும் என்று அவள் போட்டது சரியான கணக்கு. பிழை செய்தவன் நான் ஒருவன். ஆனால் அவள் கண்ணில் கடவுளின் வழி அவளைக் கைவிட்டுவிட்டது. ஓனான் வித்தைத் தரையில் சிந்தினான். நான் அவளுடைய விசுவாசத்தைச் சிந்திவிட்டேன். அதுவும் வேதம் சொன்ன வாயால்.

அன்று கடைக்குப் பிந்திப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முப்பத்தெட்டாம் அதிகாரத்தை எடுத்துப் பத்தாம் வசனத்தைத் தாண்டி வாசித்தேன். ஓனானின் தகப்பன் யூதா, கடைசி மகனைக் கட்டித் தருவதாகத் தாமாருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறான். பிறகு முக்காடிட்ட ஒருத்தியிடம் போகிறான், அவள்தான் தாமார் என்று தெரியாமல். அடைமானமாகத் தன் முத்திரையையும் கயிற்றையும் கோலையும் கொடுக்கிறான். அவள் கர்ப்பமானதும், அவளை எரித்துவிடுங்கள் என்று தீர்ப்புச் சொல்வதும் அவன்தான்! இவற்றுக்குச் சொந்தக்காரன்தான் காரணம் என்று அவள் அந்த மூன்றையும் அனுப்பி வைக்கிறாள். இருபத்தாறாம் வசனத்தில் அவன் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறான், என்னைவிட அவள் நீதியுள்ளவள் என்று.

கர்ப்பமானவள் குற்றவாளியாய் நிற்கிறாள். காரணமானவன் பக்கத்தில் நிற்கிறான். இத்தனை வருடமாகப் பத்தோடு மூடிவைத்த அதிகாரத்தில் நான் இருந்தேன்.

செசிலி வருடக் கடைசியில் பழைய நாட்காட்டித் தாள்களைப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறையாகப் போடுவாள். அந்த வருடம் அந்த மாதத்துத் தாளை மட்டும் நான் முந்திக்கொண்டு எடுத்து ஒளித்தேன். இன்றும் என் பைபிளுக்குள் இருக்கிறது. அவள் பென்சிலை அழுத்திப் போடுகிறவள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று சிலுவையும் பள்ளமாகத் தெரிகிறது. என் முத்திரையும் கயிறும் கோலும் அதுதான். யூதாவிடம் தாமார் அனுப்பி வைத்தாள். செசிலிக்கு அனுப்ப எதுவுமில்லை. நானே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

போன ஞாயிறு கொண்டுபோனேன். அவள் ஒரு வெள்ளைத் துணியை இரண்டாம் தரம் அளந்துகொண்டிருந்தாள். நான் பைபிளோடு நிற்பதைப் பார்த்து, “என்னாங்க, வகுப்புக்கு நேரமாயிருச்சா?” என்றாள்.

ஆமாம் என்றேன். போனேன். ஏழு ஜோடிகள் வந்திருந்தார்கள். முப்பத்தெட்டாம் அதிகாரத்தை வாசித்தேன். பத்தாம் வசனத்தோடு மூடினேன்.

அவளிடம் சொல்லாமல் முதலில் உங்களிடம் சொல்கிறேன். இதுவும் கோழைத்தனம்தான். நான் சொல்லுமுன் இது அவள் கைக்குப் போனால், அதையும் நான் சுமக்க வேண்டியதுதான்.

கல்யாணம் கட்டிய யாருக்காவது, கட்டப்போகிற யாருக்காவது இதைக் கொடுக்க நினைத்தால் கொடுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே கொடுங்கள். அவன் மனம் வருந்தினான், பிறகு சரியாகிவிட்டது என்று ஒரு வரி சேர்க்காதீர்கள். கடுமையாக இருக்கிறதே என்று ஒரு வரி எடுக்காதீர்கள். வியாழன், வெள்ளி, சனி... அவள் போட்டிருந்தாள். மூன்றும் அங்கே இருந்தன.