கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் குறைகேட்டவர்கள்

"நகர நிர்மாண வேலைத்தளங்களில் தொழிலாளர் தமது குறைகளை அச்சமின்றியும் இரகசியமாகவும் தெரிவிப்பதற்கான சூழல் எம்மால் உறுதிப்படுத்தப்படும்." கொழும்பிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்த கடிதத்தின் முதல் வாக்கியம் இது. நல்ல தாள், தலைப்பில் பொன்னிற இலச்சினை. திகதி மட்டும் இல்லை. மற்றவர்களுடைய வேலையில் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்க அமர்த்தப்பட்டவர்கள் தங்கள் கடிதத்துக்குத் திகதி போடவில்லை. கிடைத்த நாளை நான்தான் மூலையில் பென்சிலால் குறித்தேன்: மாசி மாதம், ஒரு புதன்கிழமை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். உட்துறைமுகத்தை அண்டிய வீதியில் புதிய மீன்சந்தைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்குப் பொறுப்பான அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். தொழிற்சட்டங்களைக் கவனிக்க ஊரிலேயே ஓர் அலுவலர் இருந்தார்; சொல்லியனுப்பினால் சைக்கிளில் வந்துவிடுவார். அவர் போதாது, வெளியாட்கள் பார்த்தால்தான் நடுநிலை என்று கட்டடத்துக்கு நிதி தந்தவர்கள் நிபந்தனை போட்டார்கள். அப்படி அமர்த்தப்பட்டவர்கள்தான் கடிதம் எழுதிய கொழும்பு ஆட்கள். ஊரைத் தெரியாதிருப்பதற்கு நடுநிலை என்று பெயர் வைத்து அதற்குச் சம்பளமும் கொடுப்பதை அப்போதுதான் கண்டேன்.

வேலைத்தளத்தில் ஒரு குறை இருந்தது. கொங்கிறீற் போடும் நாட்களில், கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் ஆட்களை நேரம் தாண்டி மறித்து வைப்பார். சல்லிக் கிராமத்துக்குப் போகும் பாதையிலிருந்த இராணுவச் சோதனைச் சாவடி பொழுதுபட்டதும் மூடிவிடும். பிந்தினால் வீடு போக ஏலாது. கல் சுமந்த பெண்களில் ஒருத்தியின் வீடு சல்லியில். அங்கே அவளுக்குப் பால்குடிக்கிற பிள்ளை. அவள் கட்டடத்துக்குள்ளேயே சீமெந்துப் பையை விரித்துப் படுத்த நாட்கள் உண்டு. விடியும்போது சட்டையில் பால் காய்ந்து விறைத்திருக்கும் என்று கூட வேலை செய்த பெண்கள் சொன்னார்கள்.

கொழும்பு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"ஐயா, அவையள் சொன்னால் கொந்தராத்துக்காரர் கேப்பாரோ?"

"கேக்கத்தான் வேணும். அவையின்ரை கையெழுத்து இல்லாமல் அவருக்கு அடுத்த வேலை இல்லை."

"அப்ப நான் சொல்லுவன். வெளிச்சம் இருக்கேக்கை விட்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

மேசன்மாரும் சேர்ந்து சொல்வதாக இருந்தார்கள்.

வந்தவர்கள் இருவர். தலையில் புத்தம்புதிய பாதுகாப்புத் தொப்பி. ஒன்றில் கடை ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது. இரகசியம் காக்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. சுற்றிவரக் கறுப்புக் கண்ணாடி போட்ட தங்கள் வானை வாசலுக்கு உள்ளே நிறுத்தினார்கள். இளையவர் உள்ளே ஏறி இருந்துகொண்டார். தொழிலாளர் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்று, ஒவ்வொருவராக வானடிக்குப் போகவேண்டும் என்று வேலையை மேற்பார்த்த ஓவசியர் கூவி அறிவித்தார்.

இராணுவச் சுற்றிவளைப்புகளில் எங்களை நிறுத்தியதும் இப்படித்தான். கையில் அட்டை, முன்னால் கறுப்புக் கண்ணாடி வாகனம், உள்ளே சாக்கால் முகம் மூடிய தலையாட்டி. அவன் தலை அசைந்தால் முன்னால் நிற்கிற ஆள் அன்று வீடு திரும்புவதில்லை. இதை அறியப் பட்டம் வேண்டாம். வீதியில் கடலை விற்றவரைக் கேட்டிருக்கலாம்.

மூத்தவரிடம் போனேன். "ஐயா, வானை வெளியிலை விடுங்கோ. ரெண்டு கதிரையைப் போட்டு மரத்துக்குக் கீழை இருந்து கதையுங்கோ."

"இல்லை, இதுதான் எங்கடை முறை. எல்லா நகரத்திலையும் இப்பிடித்தான் செய்யிறம்" என்றார். தமிழ் நன்றாகவே பேசினார். மொழி தெரியாமல் செய்த பிழை என்று மன்னிக்கவும் வழியில்லை.

தூர மாகாணங்களுக்கு அனுப்பப்பட்ட கண்காணிப்பாளர்களைப் பற்றிப் பழைய பேரரசுகளின் வரலாறுகளில் வாசித்திருக்கிறேன். அவர்கள் இலஞ்சம் வாங்கினார்கள். ஆனால் ஊர் வழக்கத்தைக் கேட்டறிந்துதான் வாங்கினார்கள்.

அன்புவழிபுரத்து மேசன் ஒருவர் உரத்துக் கேட்டார்: "என்ன ஓவசியர் ஐயா, உள்ளுக்கை சாக்குப் போட்ட மாமா இருக்கிறாரோ?"

சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. "எனக்கு வயித்துக்குத்து, மச்சான்" என்று ஒருவர் பின்பக்கம் போனார். அவரைப் பார்க்க இன்னொருவர் போனார். கடற்பக்க வேலியில் ஒரு தகரம் கழன்றிருந்தது; அதற்குள்ளால் ஒவ்வொருவராக நழுவினார்கள். குச்சவெளியிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் சோற்றுப் பார்சலையும் விட்டுவிட்டுப் போனார்.

அவள் மட்டும் அட்டையோடு நின்றாள்.

"நீ போகேல்லையே, பிள்ளை?" என்றார் ஓவசியர்.

"எல்லாரும் ஓடினால் ஆர் சொல்லுறது?"

வானுக்குள் ஏறினாள். கதவு மூடியது. வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது.

"எழுதினவை ஐயா. பேரும் அட்டை நம்பரும் கேட்டவை."

"என்னத்துக்கு?"

"இரகசியமா வைக்கிறதுக்காம்."

வரிசையில் நின்ற ஒரேயொருத்தியின் இரகசியம்! யார் சொன்னது என்று கண்டுபிடிக்கக் கொந்தராத்துக்காரர் கதிரையை விட்டு எழும்பவும் தேவையிருக்கவில்லை.

அறிக்கை சித்திரையில் வந்தது. இம்முறை திகதி இருந்தது. தொழிலாளரின் பங்கேற்பு போதாது. தனியொருவர் தெரிவித்த கருத்தை முறைப்பாடாகக் கொள்ள முடியாது. பொதுவில் திருப்தி நிலவுவதாகக் கருதலாம். தொழிலாளருக்கு விழிப்புணர்வு ஊட்டத் தங்களையே மீண்டும் அமர்த்தலாம் என்றும் பரிந்துரைத்திருந்தார்கள். வேலை முடிகிற நேரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அறிக்கை வருவதற்கு முன்பே அவள் வேலையில் இல்லை. பிள்ளைக்காகத் தானே நின்றுவிட்டாள் என்றார் ஓவசியர். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்றார்கள் பெண்கள். இரண்டையும் குறித்து வைத்தேன். பின்னர் சல்லிக் கரையில், பக்கத்தில் பிள்ளையை இருத்திக்கொண்டு அவள் மீன் காயவைத்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவளாக நின்றாளா, நிறுத்தப்பட்டாளா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.