பேய் பங்களாவுக்கு மாடி இருக்கிறது

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பேய் பங்களா இருந்தது. தங்கச்சி இறக்கி வைத்த விளையாட்டு. இருட்டறை ஒன்றைக் காட்டுவார்கள். அதில் தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்து கிடக்கும். பூட்டுத் திறப்பு, கத்தரிக்கோல், பொம்மைக் கை, வௌவால் என்று கீழே பெயர்கள் வரும். கண்டுபிடித்து மவுஸால் அமத்தினால் அடுத்த கதவு திறக்கும். பிந்தினால் ஒரு பெண் பேய் சிரிக்கும். அவ்வளவுதான். இதற்கு உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து அபிப்பிராயம் எழுதியிருந்தார்கள். பேய் வரப் பிந்துகிறது என்று ஒருவருக்குக் கோபம். படம் இருட்டாக இருக்கிறது என்று இன்னொருவருக்குக் குறை. பேய் பங்களாவில் டியூப் லைட் எதிர்பார்த்தார் போல.

எங்கள் வீட்டு அபிப்பிராயங்கள் வேறு மாதிரி. "இவ்வளவு பெரிய ஊட்டுல கூட்டுறதுக்கு ஒரு தும்புத்தடி இல்லையா?" என்று உம்மா கேட்டார். பொழுதுபடுகிற மஃரிபு நேரத்தில் யன்னலைத் திறந்து போட்டால் பேய் வராமல் வேறு யார் வருவார் என்பதும் அவருடைய கருத்து. வாப்பா கூரையை மட்டும் பார்த்துவிட்டு, "மரம் நல்ல மரம்" என்றார். தங்கச்சி ஒவ்வொரு முறையும் பிஸ்மி சொல்லித்தான் அமத்துவாள். எனக்கு அந்தப் பேயில் இரக்கம். கலியாணம் ஆகாமல், வீட்டை விட்டும் போக ஏலாமல், வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண். எங்கள் ஊரில் அது பேய்க்கதையே இல்லை.

நானும் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் எனக்கு மூத்தவர். நூலகத்தில் நாலைந்து தரம் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கிற மனுசன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அந்த வீடு பெண்ணுக்குச் சீதனம். பெற்றவர்கள் பின்பக்கத்து அறையில் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார்கள். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்று எங்கோ சொல்வார்களாம். எங்கள் ஊரில் குற்றம் பார்த்து முடித்த பிறகுதான் சுற்றமே ஆவார்கள்.

மாப்பிள்ளையின் உம்மாவும் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரும் வருகிறார்கள் என்றதும் எங்கள் உம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினார். ஈரம் ஊறிய சுவரை அலுமாரியால் மறைத்தார். உடைந்த கதிரை, பழைய மெத்தை, துருப்பிடித்த சைக்கிள் எல்லாம் பின்னறைக்குள் போயின. பெண்கள் வருமுன் பள்ளிவாசலுக்குப் போய்விட வேண்டியிருந்தும் பிந்திவிட்ட வாப்பாவும் வந்தவர்களின் சத்தம் கேட்டதும் அதே அறைக்குள் தள்ளப்பட்டார். உம்மா கதவைப் பூட்டித் திறப்பை எங்கோ வைத்தார்.

நான் உள்ளறையில் உடுத்தத் தயாராகிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் தேத்தண்ணியைக் கையில் எடுத்த நேரம், அவர்கள் இருந்த நடுவறைக் கம்ப்யூட்டரில் பேய் சிரித்தது. தங்கச்சி விளையாட்டை நிப்பாட்டாமல் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்விட்டாள். நான் வீட்டுச் சட்டையோடு, தலையில் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"நிப்பாட்டாதங்க மகள்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. "இது ஆர்ர ஊடு?"

"பேய் ஊடு மாமி. சாமான் தேடுற விளையாட்டு."

அவர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "திறப்பு மணிக்கூட்டுக்குப் பின்னால. கத்தரிக்கோல் திரைச்சீலை மடிப்புல. அது வௌவால் இல்ல மகள், குடை." பேய்க்குச் சிரிக்க நேரமே கிடைக்கவில்லை. மூன்று ஆண் மக்களைப் பெற்றவர்; மூத்தவர்கள் இரண்டு பேருக்கும் ஊரூராக வீடு பார்த்துத் தேறிய கண். அறைக்கு மேல் அறையாகத் திறந்துகொண்டு போனார். நான் அவர் சொன்ன இடத்தில் அமத்திக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். "ஊடு பழசுதான். ஆனா நல்ல அகலம். மாடியும் இரிக்கி."

"பேய் இரிக்கே மாமி."

"பேய் என்ன, ஒரு ஹசரத்தக் கூட்டி வந்து ஓதினாப் போயிரும். மாடி கட்டுறதுதான் கஷ்டம்."

பிறகு அதே கண்ணோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஈரம்" என்றார். பூட்டிய கதவைக் காட்டிக் கேட்டார். திறப்புத் தொலைந்துவிட்டது என்றார் உம்மா. "தொலையல்ல, அந்தப் பூச்சாடிக்குள்ள மினுங்குது" என்று அவரே எடுத்துத் திறந்தார். சைக்கிளுக்கும் மெத்தைக்கும் நடுவில் இடுப்பில் சாரத்தோடு நின்ற வாப்பா, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

சலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். செருப்பை மாட்டும்போது அந்த மாமி உம்மாவிடம், "எல்லாம் பார்த்தாச்சி. பொண்ணத்தான் இன்னும் காட்டல்ல" என்றார்.

"ஒங்களுக்குப் பக்கத்துல இரிந்து மவுஸ் புடிச்சவதான் பொண்ணு" என்றார் உம்மா.

மாமி என் பக்கம் திரும்பினார். ஏதாவது கேட்பார், சிரிப்பார் என்று ஆசையாகத்தான் நின்றேன். அவருடைய கண் என் முகத்தைத் தாண்டி மேலே ஏறியது.

"இதுக்கு மேல மாடி கட்ட ஏலும்தானே?" என்றார்.

மறுநாள் கலியாணப் புறோக்கர் வாப்பாவுக்குப் போன் எடுத்தார். மாடி கட்டித் தந்தால் சம்மதமாம். நான் வெட்கத்தை விட்டுப் போனை வாங்கி, மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"உம்மாட முடிவுதான் அவர்ர முடிவாம் மகள்."

அது எனக்கு வலித்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சொறிக்கல்முனைப் பக்கத்து வயல வித்துக் கட்டிருவம்" என்றார் வாப்பா. நாங்கள் சாப்பிடுகிற அரிசி அந்த வயலில்தான் விளைகிறது. வாப்பாவுக்கு வேறு வயலும் இல்லை.

"வேணா வாப்பா. என்னக் காணாத ஆக்களுக்கு எதுக்கு மாடி?"

"ஊர் என்னகா கதைக்கும்?" என்றார் உம்மா.

"கதைக்கட்டும்."

"அந்த மாப்பிள்ளையில ஒனக்கு விருப்பம்தானே மகள்?" என்று வாப்பா மெதுவாகக் கேட்டார்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. "ஓம்" என்றேன்.

"அப்பயும் வேணாவா?"

"வேணா."

வாப்பா புறோக்கருக்குப் போன் எடுத்து, மாடி கட்டவில்லை என்று சொன்னார். நான் குசினிக்குப் போய், சத்தம் கேட்காமல் இருக்கப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.