மலைக்காற்றின் மேல் விழுந்த பழி

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் (தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) எனக்கு வேலை. ஒரு காலையில் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துத் துள்ளியது. அதன் தலை என் இடது மார்பில் இடித்தது. வலி போன பிறகு தடவிப் பார்த்தேன். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. விரலால் தள்ளியும் நகரவில்லை.

குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்தேன். ஈரத் துணிகளைக் காயப்போட்டேன். அன்று செய்த வேலைகளெல்லாம் நினைவிருக்கின்றன. எதை நினைத்துக்கொண்டு செய்தேன் என்பதுதான் நினைவில்லை.

என் கணவர் சூசை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அவரிடம் சொன்னபோது, "நாளைக்கே போவோம் ஸ்டெல்லா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். மார்பையும் கக்கத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) அகற்றினார்கள்.

உள்நாட்டு யுத்தம் முடிவதற்கு முந்திய ஆண்டுகள் அவை. எங்கள் மலையில் வெடிச்சத்தம் இல்லை. ஆனால் பஸ் கண்டியை நெருங்கினால் இறங்கிச் சோதனைக்கு நிற்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறுத்தெடுத்த கட்டியைப் பரிசோதித்த முடிவு வந்த நாளில் டொக்டர் பரீனாவைச் சந்தித்தோம். மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெண். பிரிவின் பெரிய டொக்டருக்குக் கீழே வேலை செய்தவர். சிங்களம் பேசும் அந்த வார்டில் எங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தியவர் அவர்தான். கட்டியின் நடுப்பகுதி இறந்த திசுவாக இருந்தது என்றார்.

எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. "நடுவுல செத்துப்போச்சுன்னா நல்லதுதானே டொக்டர்?"

அவர் கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படி இல்ல ஸ்டெல்லா. கட்டி அவசரமா வளர்ந்திச்சி. இரத்தக்குழாய் அந்த வேகத்துக்கு வளரல்ல. அதனால நடுவுக்கு ஒட்சிசன் (நாம் இழுக்கும் மூச்சில் உயிரைத் தாங்கும் வாயு) போய்ச் சேரல்ல. நட்டநடுவுல இருந்தது செத்திரிச்சி. அதச் சுத்தி, சாகாம மூச்சுத் திணறிக்கிட்டு இருந்ததும் இருக்கும். அதுதான் பொல்லாதது."

"மூச்சுத் திணறினா என்னா செய்யும்?" என்று கேட்டேன்.

"மரபணு தெரியுமா?" என்றார். (ஒவ்வோர் உயிரணுவும் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்ற கட்டளைகள் அடங்கிய பகுதி மரபணு.) "எல்லாக் கட்டளையும் எந்த நேரமும் நடக்கிறதில்ல. நெறய தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். ஒட்சிசன் கொறஞ்சா சிலது முழிச்சிக்கும். ஒன்னு, புது இரத்தக்குழாய இந்தப் பக்கம் வான்னு கூப்பிடும். இன்னொன்னு, காத்து இல்லாமலே சீனியக் கரைச்சிப் பொழைக்க வழி காட்டும். இன்னும் சிலது, இந்த எடத்த விட்டு வேற எடத்துக்குப் போகவும் உதவி செய்யும்."

சூசை அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டோர்ல அரைச்ச கொழுந்தத் தடிப்பாப் பரப்பினா நடுவுல காத்துப் போகாது டொக்டர். அந்த மாதிரியா?" என்றார்.

"அந்த மாதிரிதான். ஆனா கொழுந்து பேசாமக் கெட்டுப்போகும். இது வாழப் பழகிக்கும்."

அதன்பிறகு சூசை கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய அக்கா பிலோமினா மாத்தளை டவுனில் இருப்பவர். காற்றுக் குறைந்தால் புற்றுநோய் வளரும் என்று பத்திரிகையில் எதையோ வாசித்திருக்கிறார். "அந்தக் குளிர் மலையில காத்தே பத்தாது. அதான் இவளுக்கு இப்படி வந்திருச்சி. எறங்கி வந்துருங்கடா" என்று தம்பியை வற்புறுத்திக்கொண்டிருந்தார். சூசையும் நம்பிவிட்டார். லயத்துக் காம்பராவின் (வரிசை வீடுகளில் எங்களுக்கிருந்த அறை) ஒற்றை ஜன்னலை இரவும் பகலும் திறந்தே வைத்தார். பனி உள்ளே வந்து போர்வை நனைந்தது. ஸ்டோர் வேலையை விடப்போவதாகப் பெரிய கிளாக்கரிடமும் சொல்லிவிட்டார். என்னைத் திருமணம் செய்து இந்த மலைக்குக் கூட்டிவந்தவர் அவர். அதை நினைத்து நினைத்து அவர் மெலிந்துபோனது எனக்குத் தெரியும்.

"நாங்க மலையில இருக்கோம் டொக்டர். அங்க காத்துக் கம்மி. நான் கூட்டிக்கிட்டுப் போனதாலதான் இவளுக்கு..." என்றார் சூசை.

டொக்டர் அவர் முகத்தையே பார்த்தார். "ஒங்க மலைக் காத்துல ஒரு கொறையும் இல்ல. ஸ்டெல்லா இழுக்கிற மூச்சு வேற, கட்டிக்குள்ள இருக்கிற தட்டுப்பாடு வேற. கொழும்புல கடற்கரையில இருக்கிறவங்களுக்கும் கட்டிக்குள்ள இதேதான் நடக்கும். நீங்க ஒன்னும் செய்யல்ல."

சூசை கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். வெளியே வந்ததும் அந்தக் கொரிடோரிலேயே, "இன்னைக்கி ஜன்னலச் சாத்திட்டுப் படுப்போமா?" என்று கேட்டேன். அறுவைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வேலையை விடும் பேச்சும் அதோடு நின்றது.

அடுத்து வந்தது மருந்தேற்றல் (கீமோ சிகிச்சை). சிவப்பு நிற மருந்து. முடி கொட்டியது, வாயெல்லாம் புண். ஆனால் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது இரத்தச்சோகை. கதிர்ச் சிகிச்சை (மீந்திருக்கக்கூடிய புற்று அணுக்களைக் கதிரால் அழிப்பது) தொடங்க வேண்டிய நேரத்தில் ஹீமோகுளோபின் (இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் பொருள்) மிகவும் குறைந்துவிட்டது. பெரிய டொக்டர் சிகிச்சையைத் தள்ளிவைத்தார்.

நான் அழுதேன். அதற்குள் நோய் பரவிவிடும் என்று நினைத்தேன்.

டொக்டர் பரீனா சொன்னார்: "ஒட்சிசன் இருக்கிற எடத்துலதான் கதிர் நல்லா வேல செய்யும். மூச்சுத் திணறிப் பழகின அணு அதுக்கும் தாக்குப்பிடிக்கப் பார்க்கும். மொதல்ல ஒங்க இரத்தத்தச் சரியாக்குவோம். இதப் பத்தி இன்னும் ஆராய்ச்சி நடக்குது, எல்லாம் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் காத்திருப்பு வீணில்ல."

இரத்தம் ஏற்றினார்கள். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, ஈரல் என்று சூசை ஓடி ஓடிக் கொண்டுவந்தார். உங்களுக்கும் சிகிச்சை தள்ளிப்போனால் காரணத்தைக் கேளுங்கள். காரணம் தெரிந்த பிறகு எனக்குக் காத்திருப்பது எளிதாயிற்று.

கதிர்ச் சிகிச்சைக்கு வத்தேகம வழியாகக் கண்டிக்குத் தினமும் பஸ்ஸில் போனேன். இழந்த மார்புக்குப் பதிலாகத் துணிப்பொதி ஒன்றைத் தைத்து உள்ளாடைக்குள் வைத்திருந்தேன். வெறும் பஞ்சு மேலே ஏறிவிடுமென்று பாரத்துக்குக் கடுகும் போட்டிருந்தேன். ஒருநாள் சோதனைச் சாவடியின் மறைப்புக்குள் பெண் பொலிஸ் ஒருவர் தடவிப் பார்க்கும்போது அவர் கை அந்தக் கடுகில் நின்றது. அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண்ணின் ஆடைக்குள் அப்படியொரு பொதி இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர் பின்வாங்கி, அசையாதே என்று சத்தமிட்டார். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது.

கையைத் தூக்கச் சொன்னார். இடது கையை என்னால் முழுதாகத் தூக்க முடியவில்லை. "புற்றுநோய். வெட்டி எடுத்துவிட்டார்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன். காட்டச் சொன்னார். பொத்தான்களைக் கழற்றிப் பொதியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காட்டினேன். தழும்பைச் சுற்றிக் கதிர் பட்டுத் தோல் கறுத்திருந்தது. கணவரையும் ஆஸ்பத்திரிக்காரர்களையும் தவிர வேறு எவருக்கும் நான் காட்டாத இடம்.

அவருக்கு என் தங்கையின் வயதுதான் இருக்கும். வெளியே நின்றவர்களிடம் ஒன்றுமில்லை என்றார். பொதியை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். பொத்தான்களை அவரே போட்டுவிட்டார். "வலிக்கிறதா அக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். வலிக்கவில்லை என்று பொய் சொன்னேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அவமானமா, ஆறுதலா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிகிச்சை முடிந்தது. இப்போது மாத்திரையும் பரிசோதனையும்தான். பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் எனக்குச் சோறு இறங்காது. முடிவு நல்லதென்று தெரிந்ததும் பசி வந்துவிடும். இடது கை சில நாட்களில் வீங்கும். பாரமான பிள்ளைகளை வலது இடுப்பில் தூக்கப் பழகிக்கொண்டேன்.

போன பங்குனியில் எங்கள் மாதாகோயில்காரர்களோடு வேன் பிடித்து ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். மேலே ஆளைத் தள்ளும் காற்று. நடந்து ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. முன்பென்றால் நுரையீரலுக்குப் பரவிவிட்டதோ என்று அங்கேயே நடுங்கியிருப்பேன். அன்று நின்றேன். மூச்சு தானாகத் திரும்பி வரும்வரை நின்றேன்.

காற்று என் வலது மார்பில் குளிராக அடித்தது. இடப்பக்கத்தில் எதுவும் தெரியவில்லை. தழும்பைச் சுற்றி உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை, இனித் திரும்பாமலும் போகலாம். ஆனால் மூச்சை இழுத்தபோது இரண்டு பக்கமும் ஒன்றாக விரிந்தன.

"பனி எறங்குது. போவோமா?" என்றார் சூசை.

"என்னா அவசரம்? கொஞ்சம் இருப்போம்" என்றேன்.

அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.